போல்ஷெவிக்குகள் பிடித்த ஆட்சியை விடாமல் வைத்திருந்தது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1917 அக்டோபரில், லெனின் தலைமையிலான போல்ஷெவிக் கட்சியின் ஆயுதமேந்திய தொழிலாளர்களான செங்காவலர்கள், ரஷ்யாவின் அன்றைய தலைநகர் பெத்ரோகிராடின் குளிர்கால அரண்மனைக்குள் நுழைந்த கதை பலருக்கும் தெரியும். மறுநாள் காலையிலிருந்து என்ன செய்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டார்கள் என்றுதான் அன்று ஊரே பேசிக்கொண்டது. இந்தக் கேள்விகள் அந்த மறுநாள் காலையில் தொடங்கி 1922 வரையிலான காலத்தைப் பற்றியவை.

ஜார் மன்னனை வீழ்த்தியது போல்ஷெவிக்குகள்தானே?

இல்லை. நம் ஊரில் மேடைகளில்கூட அடிக்கடி வரும் குழப்பம் இது. ஜார் இரண்டாம் நிக்கோலஸ் முடி துறந்தது பிப்ரவரிப் புரட்சியில். ரொட்டி வரிசையில் நின்று சலித்த பெண்கள், வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள், சுட மறுத்த சிப்பாய்கள் ஆகியோர் சேர்ந்து நடத்தியது அது. லெனின் அப்போது சுவிட்சர்லாந்தில் இருந்தார். பின்னாளில் அவரோடு ஆட்சியை நடத்திய டிராட்ஸ்கி நியூயார்க்கில், ஸ்டாலின் சைபீரியாவில். பாரதி பாடியதும் இந்த ஜாரின் வீழ்ச்சியைத்தான். அதைக் கொண்டுபோய் அக்டோபரோடு ஒட்டுகிறவர்கள் ஏராளம்.

அக்டோபரில் போல்ஷெவிக்குகள் கவிழ்த்தது கெரன்ஸ்கி தலைமையிலான தற்காலிக அரசை. போரை நிறுத்தாமல், நிலத்தைப் பிரிக்காமல், தேர்தலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அரசு அது. அதைக் காக்க அன்றிரவு பெரிதாக யாரும் முன்வரவில்லை.

தேதிகள் ஏன் குழப்புகின்றன?

ரஷ்யாவின் பழைய நாட்காட்டி 13 நாள் பின்தங்கியிருந்தது. அதனால்தான் அக்டோபர் 25 நமக்கு நவம்பர் 7. புதிய அரசு 1918 ஜனவரி 31-க்கு அடுத்த நாளை பிப்ரவரி 14 என்று அறிவித்துச் சிக்கலைத் தீர்த்தது. அதுவரையிலான நிகழ்ச்சிகளுக்கு இங்கே பழைய தேதியையே தருகிறேன்.

உண்மையிலேயே சிறிய கட்சியா?

1917 தொடக்கத்தில் அவர்கள் கணக்குப்படியே சுமார் 24,000 உறுப்பினர்கள். அக்டோபருக்குள் அது சில லட்சமாகப் பெருத்துவிட்டது. ஆனாலும் 15 கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த, பெரும்பாலும் விவசாயிகளாலான நாட்டில் அது ஒரு துளிதான்.

துளி எங்கே விழுந்திருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெத்ரோகிராட், மாஸ்கோ ஆலைகள், பால்டிக் கடற்படை, தலைநகருக்கு அருகிலிருந்த போர்முனைகள் ஆகிய இடங்களில் அவர்கள் சிறுபான்மை அல்ல. இரு நகரங்களின் சோவியத்துகளிலும், அதாவது தொழிலாளர், சிப்பாய் பிரதிநிதிகளின் அவைகளிலும், செப்டம்பரிலேயே பெரும்பான்மை பெற்றுவிட்டார்கள். கிராமத்தில் ஆளே இல்லை. ஆனால் தந்தி அலுவலகமும் ரயில் சந்திப்பும் ஆயுதக் கிடங்கும் கிராமத்தில் இல்லையே.

‘போல்ஷெவிக்’ என்றால் பெரும்பான்மையினர் என்று பொருள். 1903 கட்சி மாநாட்டில் ஒரு வாக்கெடுப்பில் வென்றதை வைத்து லெனின் தன் அணிக்கு அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார். எதிரணியோ ‘மென்ஷெவிக்’, அதாவது சிறுபான்மையினர் என்ற பெயரைப் பேசாமல் ஏற்றுக்கொண்டது. அரசியலில் இவ்வளவு அப்பாவிகள் அபூர்வம்.

பிடித்தவுடன் செய்த முதல் புத்திசாலித்தனமான காரியம் எது?

அடுத்தவன் கொள்கையைத் தன் பெயரில் சட்டமாக்கியது.

அக்டோபர் 26 இரவு சோவியத்துகளின் இரண்டாம் மாநாட்டில் லெனின் நில ஆணையைப் படித்தார். நிலச்சுவான்தார்களின் நிலம் நட்டஈடில்லாமல் பறிக்கப்பட்டு, உழுபவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். இது போல்ஷெவிக் திட்டம் அல்ல. அவர்கள் விரும்பியது அரசின் கையில் பெரிய பண்ணைகள். 242 கிராமக் கோரிக்கை மனுக்களைத் திரட்டி இந்த வரைவைத் தயாரித்திருந்தது சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சி. விவசாயிகளின் கட்சி அதுதான். ‘எங்கள் திட்டத்தைத் திருடிவிட்டார்’ என்று அவர்கள் கத்தினார்கள். யார் எழுதினால் என்ன, மக்கள் கேட்பது இதைத்தான் என்ற பாணியில் லெனின் பதில் சொன்னார். ‘அவ்வளவு நல்ல திட்டமென்றால் எட்டு மாதம் அரசில் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் ஏன் நிறைவேற்றவில்லை?’ என்று யாராவது திருப்பிக் கேட்டிருந்தால் அவர்களிடம் பதில் இருந்திருக்காது.

விவசாயிகள் ஏற்கெனவே நிலத்தை எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். நடந்துகொண்டிருந்ததன் மேல் முத்திரை குத்தினார் லெனின். முத்திரைக்குச் செலவில்லை, பலனோ பெரிது. அன்றிலிருந்து பழைய ஆட்சியை மீட்கக் கிளம்பிய எவனும், குடியானவன் கண்ணுக்குத் தன் நிலத்தைத் திரும்பப் பிடுங்க வருகிறவனாகவே தெரிந்தான்.

இந்த ஐந்தாண்டு முழுக்க இந்த உத்தி திரும்பத் திரும்ப வரும். நிலம், எல்லைப் பகுதிகள், கடைசியில் சந்தை என்று எதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அதிகாரத்தில் பங்கு மட்டும் கிடையாது.

அரசு ஊழியர்கள் புதிய எஜமானர்களை ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வெளியுறவு அமைச்சகத்துக்குப் போன டிராட்ஸ்கியின் ஆட்களுக்குச் சாவி கிடைக்கவே நாளாயிற்று. மக்கள் கமிசார் அவை என்று பெரிய பெயரோடு அமைச்சரவை இருந்தது (அமைச்சருக்குப் புதிய பெயர் கமிசார்). சம்பளம் போட ஒரு ரூபிள் இல்லை. அரசு வங்கி காசோலையை மதிக்க மறுத்தது. கடைசியில் நவம்பர் மத்தியில் ஆயுதக் காவலோடு போய் 50 லட்சம் ரூபிளை மூட்டை கட்டி எடுத்துவந்தார்கள். டிசம்பரில் எல்லா வங்கிகளும் அரசுடைமை.

இது வெறும் முரட்டுத்தனம் என்று தோன்றலாம். 1871-ல் பாரிஸ் கம்யூன் என்ற புரட்சிகர நகர அரசு 72 நாள் ஆண்டது. பிரான்ஸ் வங்கியின் கஜானாவை மட்டும் மரியாதையோடு தொடாமல் விட்டது. மார்க்சும் எங்கெல்சும் அதைக் குறையாகச் சொன்னார்கள். லெனின் அந்தப் பாடத்தை வரி விடாமல் படித்தவர்.

மற்ற சோஷலிஸ்டுகளோடு கூட்டணி வைத்திருக்கலாமே?

லெனினின் கட்சிக்காரர்களே கேட்ட கேள்வி இது. மென்ஷெவிக்குகளும் சோஷலிஸ்ட் புரட்சியாளர்களும் முதல் இரவே மாநாட்டிலிருந்து வெளிநடப்புச் செய்து லெனினுக்குப் பெரிய உதவி செய்தார்கள். காலி நாற்காலிகளுக்கு எதிராக ஜெயிப்பது சுலபம். ஆனால் இரயில்வே தொழிற்சங்கத்தின் மையக் குழு விடவில்லை. எல்லா சோஷலிஸ்ட் கட்சிகளும் சேர்ந்த அரசு அமையாவிட்டால் ரயில் ஓடாது என்றது. படை நகர வேண்டுமென்றால் ரயில் வேண்டும், எனவே பேச்சுவார்த்தை.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே கெரன்ஸ்கி திரட்டிவந்த கோசாக் குதிரைப்படையினர் தலைநகர் எல்லையில் முறியடிக்கப்பட்டார்கள். மாஸ்கோவும் ஒரு வாரத் தெருச் சண்டைக்குப் பிறகு கைக்கு வந்தது. அதன்பின் லெனினுக்குப் பேச்சு தேவைப்படவில்லை. இதைக் கண்டித்து காமனெவ், ஜினோவியேவ், ரைகோவ் உள்பட ஐந்து பேர் மத்தியக் குழுவிலிருந்து விலகினார்கள். லெனின் அசரவில்லை. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

டிசம்பரில் இடது சோஷலிஸ்ட் புரட்சியாளர்களுக்கு மட்டும் சில அமைச்சுப் பொறுப்புகள் தரப்பட்டன. விவசாயிகளிடம் காட்ட ஒரு முகம் வேண்டியிருந்தது. அந்தக் கூட்டணி 1918 மார்ச் வரை நீடித்தது.

தேர்தலில் தோற்றார்கள் என்பது உண்மையா?

உண்மை. தற்காலிக அரசு தள்ளிப்போட்ட அரசியல் நிர்ணய சபைத் தேர்தல் இவர்கள் ஆட்சியில் நவம்பரில் நடந்தது. போல்ஷெவிக்குகளுக்கு சுமார் ஒரு கோடி வாக்கு, ஏறக்குறைய 24 சதவீதம். சோஷலிஸ்ட் புரட்சியாளர்களுக்கு 40 சதவீதம் அளவில். பெத்ரோகிராடிலும் மாஸ்கோவிலும் போல்ஷெவிக்குகளே முதலிடம், பாதிக்குச் சற்றுக் குறைவான வாக்குகள்.

1918 ஜனவரி 5 அன்று தாவ்ரீத அரண்மனையில் சபை கூடியது. ஆதரவாக ஊர்வலம் வந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். உள்ளே சோஷலிஸ்ட் புரட்சியாளர் செர்னோவ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். போல்ஷெவிக்குகள் வெளியேறினார்கள். விடியற்காலை சுமார் நாலு மணிக்கு ஜெலெஸ்னியாகோவ் என்ற கடற்படை வீரர் மேடையேறி, காவலர்கள் களைத்துவிட்டார்கள், கூட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்றார். அவசர அவசரமாகச் சில தீர்மானங்களை நிறைவேற்றிவிட்டுக் கலைந்தார்கள். மறுநாள் வந்தபோது கதவு பூட்டியிருந்தது.

வேட்பாளர் பட்டியல் தயாரானபோது சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சி உடைந்திருக்கவில்லை, எனவே விவசாயி யாருக்கு வாக்களித்தான் என்பதே தெளிவில்லை என்று லெனின் வாதிட்டார். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதற்கு மருந்து மறுதேர்தல், பூட்டு அல்ல. அவர் பூட்டைத்தான் தேர்ந்தெடுத்தார்.

40 சதவீதம் வாக்களித்த மக்கள் ஏன் கிளர்ந்தெழவில்லை? நிலம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. தலைநகரில் எந்தச் சபை கூடுகிறது, எது கலைகிறது என்று கிராமத்தான் கவலைப்படவில்லை.

இரகசியக் காவல் படையான செக்கா எப்போது வந்தது?

ஆட்சியைப் பிடித்த ஆறாவது வாரம், 1917 டிசம்பர் 7. பெயரே ‘அசாதாரண ஆணையம்’. தற்காலிக ஏற்பாடு என்று பொருள். தலைவர் டிசெர்ஜின்ஸ்கி, போலந்துக்காரர், ஜார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர். முதலில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். போல்ஷெவிக்குகளின் செம்படைக்கும் அவர்களை எதிர்த்த வெண்படைகளுக்கும் நடந்த உள்நாட்டுப் போர் முடிவதற்குள் படைப்பிரிவுகளையும் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

போர்முனையில் மரண தண்டனையை நில ஆணையை நிறைவேற்றிய அதே சோவியத் மாநாடு ஒழித்திருந்தது என்பதை நினைவில் வையுங்கள். 1918 ஆகஸ்ட் 30 அன்று பெத்ரோகிராட் செக்காவின் தலைவர் உரீத்ஸ்கி சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நாள் மாஸ்கோவில் லெனின் சுடப்பட்டுக் காயமடைந்தார். செப்டம்பர் 5 அன்று ‘சிவப்புப் பயங்கரம்’ அதிகாரபூர்வ ஆணை. விசாரணையில்லாமல் பணயக் கைதிகள் சுடப்பட்டார்கள். குற்றம் அல்ல, வர்க்கம் பார்த்து ஆள் எடுக்கப்பட்டது. வெண்படைகளும் அதே காலத்தில் படுகொலைகளை, குறிப்பாக யூதர்களுக்கு எதிரானவற்றை, நடத்தின என்பது வரலாறு. ஆனால் அதைச் சொல்லி செக்காவை நியாயப்படுத்துகிறவர்கள், செக்கா உள்நாட்டுப் போர் முழு வேகம் பிடிப்பதற்கு முன்பே பிறந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். 1922-ல் அது கலைக்கப்பட்டது. மறுபடி வேறு பெயரில் அதே கட்டடம், அதே தலைவர்.

ஜெர்மனியிடம் பணம் வாங்கித்தான் ஜெயித்தார்களாமே?

லெனின் ஊர் திரும்ப ஜெர்மனி ரயில் ஏற்பாடு செய்தது. ரஷ்யாவில் பிரச்சாரத்துக்கு ஜெர்மன் அரசு பணம் ஒதுக்கியதற்கும் ஆவணம் உண்டு. ஆனால் 1918 நவம்பரில் ஜெர்மனியே வீழ்ந்தது, போல்ஷெவிக்குகள் விழவில்லை. காசு மட்டும் காரணமென்றால் இது நடந்திருக்காது.

ஜெர்மனியோடு செய்த பிரெஸ்ட்-லிதோவ்ஸ்க் சமாதான ஒப்பந்தம் தோல்விதானே? அது எப்படி ஆட்சிக்கு உதவியது?

அவமானமான தோல்விதான். 1918 மார்ச் 3 அன்று கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில் உக்ரைன், போலந்து, பால்டிக் பகுதிகள், பின்லாந்து எல்லாம் போயின. பேரரசின் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, நிலக்கரியில் பெரும்பகுதி. கட்சிக்குள்ளிருந்த புகாரின் அணி புரட்சிப் போர் நடத்துவோம் என்றது. போரும் இல்லை, சமாதானமும் இல்லை என்று டிராட்ஸ்கி ஒரு வித்தை காட்டிப் பார்த்தார். ஜெர்மன் படை நிற்காமல் முன்னேறியது.

லெனினின் கணக்கு வேறு. சண்டை போட ஆளில்லை. சிப்பாய்கள் நிலப் பங்கீட்டுக்கு ஊர் போய்விட்டார்கள். ஜெர்மனி எப்படியும் மேற்கில் தோற்கும், அதுவரை மூச்சுவிட இடம் வேண்டும். கையெழுத்துப் போடாவிட்டால் ராஜினாமா என்று மிரட்டித்தான் மத்தியக் குழுவைப் பணியவைத்தார். எட்டு மாதத்தில் ஜெர்மனி சரணடைந்தது, ஒப்பந்தம் கிழிந்தது. பாதி நாட்டைக் கொடுத்தாவது நாற்காலியைக் காப்பாற்றியவர் என்று எதிரிகள் ஏசினார்கள். ஏச்சிலும் கணக்கிலும் ஒரே உண்மைதான் இருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான அதே மார்ச்சில் தலைநகரும் பாதுகாப்பாக மாஸ்கோவுக்கு மாறியது.

இடது சோஷலிஸ்ட் புரட்சியாளர்கள் இதனால்தான் அரசிலிருந்து விலகினார்கள். ஜூலை 6 அன்று செக்காவில் வேலை பார்த்த அவர்களது ஆள் புளூம்கின் ஜெர்மன் தூதர் மிர்பாக்கைக் கொன்றார். டிசெர்ஜின்ஸ்கியையே சில மணி நேரம் பிடித்துவைத்தார்கள். அன்று மாஸ்கோவில் ஆட்சி நிஜமாகவே ஊசலாடியது. காப்பாற்றியது லாத்விய துப்பாக்கிப் படை. அத்தோடு ஆட்சியில் பங்கு கேட்கக் கடைசியாக இருந்த கட்சியும் முடிந்தது.

படையே இல்லாதவர்கள் 50 லட்சம் பேர் படையை எப்படிக் கட்டினார்கள்?

ஜாரின் அதிகாரிகளை வைத்து. செங்காவலர்களின் வீரம் தெருச் சண்டைக்குப் போதும். பீரங்கிக் கணக்குக்குப் போதாது. 1918 மார்ச்சில் போர்க் கமிசாரான டிராட்ஸ்கி, தளபதியைச் சிப்பாய்களே தேர்ந்தெடுக்கும் முறையை ஒழித்தார், கட்டாய ஆள்சேர்ப்பைக் கொண்டுவந்தார், பழைய அதிகாரிகளைப் பல பத்தாயிரக் கணக்கில் சேர்த்தார். கட்சிக்குள் பெரும் எதிர்ப்பு. அவர் பதில் எளிமையானது: ஒவ்வொரு தளபதி பக்கத்திலும் கட்சி சார்பில் கண்காணிக்க ஒரு கமிசார், இருவர் கையெழுத்தும் இல்லாமல் உத்தரவு செல்லாது. துரோகம் செய்தால் குடும்பம் பொறுப்பு என்ற மிரட்டலும் இருந்தது.

படையின் முதல் தலைமைத் தளபதி வாத்செதிஸ், அடுத்து செர்கேய் காமனெவ் (மத்தியக் குழு காமனெவ் வேறு). இருவரும் ஜார் படைக் கர்னல்கள்தான். 50 லட்சம் என்பது 1920 நிலவரம், அதுவும் ஏட்டில். ஓடிப்போனவர்களும் லட்சக்கணக்கில் உண்டு. அறுவடை வந்தால் படை இளைக்கும்.

வெண்படைகள் ஏன் தோற்றன?

படம் வரைந்தால் உடனே புரியும். செம்படை நடுவில், மாஸ்கோ, பெத்ரோகிராட், தூலா ஆயுத ஆலைகள், எல்லாத் திசைக்கும் பிரியும் ரயில் பாதைகள். வெண்படைகள் விளிம்பில், கோல்சாக் சைபீரியாவில், தெனிகின் தெற்கில், யூதெனிச் பால்டிக் கரையில். ஒருவரையொருவர் சந்திக்கவே முடியாத தூரம். 1919 அக்டோபரில் தெனிகின் ஓரியோல் வரை வந்துவிட்டார், மாஸ்கோவுக்கு 350 கி.மீ. சொச்சம்தான், யூதெனிச் பெத்ரோகிராடின் வாசலில். டிராட்ஸ்கி தன் கவச ரயிலில் ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓட முடிந்தது. வெண்படைகளால் அப்படி ஆளை மாற்ற முடியவில்லை.

அதைவிடப் பெரிய காரணம் நிலம். வெண்படை வந்த இடமெல்லாம் பழைய பண்ணையாரும் பின்னாலேயே வந்தார். ‘ஒன்றுபட்ட, பிரிக்க முடியாத ரஷ்யா’ என்ற கோஷம் வேறு. உக்ரைனியர், பின்லாந்துக்காரர், எஸ்தோனியர் உதவியெல்லாம் அதனாலேயே நழுவியது. குடியானவனுக்கு இரண்டு படையும் பிடிக்கவில்லை. கொஞ்சம் குறைவாக வெறுத்தது சிவப்பை.

அப்படியானால் விவசாயிகளுக்கும் கட்சிக்கும் உறவு சுமுகமா?

துளியும் இல்லை. நகரத்துக்கு ரொட்டி வேண்டும், ஆலைகள் கிராமத்துக்குக் கொடுக்கப் பொருள் செய்யவில்லை, பணத்துக்கு மதிப்பில்லை. எனவே தானியத்தை ஆயுதப் படை அனுப்பிப் பறித்தார்கள். 1919 ஜனவரி முதல் மாகாண வாரியாகக் கட்டாய ஒதுக்கீடு. விதை நெல்லைக்கூட விடவில்லை என்று நம் ஊரில் சொல்வோமே, அங்கே விதைக் கோதுமையையும் விடவில்லை. நகரத்தில் ரேஷன் வர்க்கப்படி: உடலுழைப்பாளிக்கு அதிகம், பழைய பூர்ஷ்வாவுக்குப் பெயருக்கு. ரேஷன் அட்டையைவிட வலிமையான அடையாள அட்டை அன்று எதுவுமில்லை. 1918 அரசியல் சட்டமும் இதே சாய்வுதான்: சோவியத் மாநாட்டுக்கு நகரத்தில் 25,000 வாக்காளருக்கு ஒரு பிரதிநிதி, கிராமப்புறத்தில் 1,25,000 மக்களுக்கு ஒருவர்.

இவ்வளவுக்கும் பிறகு 20 லட்சத்துக்கு மேல் இருந்த பெத்ரோகிராட் 1920-க்குள் சுமார் 7 லட்சமாகச் சுருங்கியது. தாம்போவ் மாகாணத்தில் விவசாயிகள் எழுந்தார்கள். 1921-22 பஞ்சத்தில் சுமார் 50 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. வறட்சி ஒரு காரணம். இருப்பைத் துடைத்து எடுத்தது இன்னொன்று.

குரோன்ஸ்டாட்டில் என்ன நடந்தது?

1917-ல் புரட்சியின் பெருமை என்று டிராட்ஸ்கி புகழ்ந்த கடற்படைத் தளம் அது. 1921 மார்ச்சில் அங்கே கிளர்ந்தெழுந்த கடற்படை வீரர்கள் கேட்டது என்ன? இரகசிய வாக்கெடுப்பில் சோவியத்துகளுக்குப் புதிய தேர்தல், இடதுசாரிக் கட்சிகளுக்குப் பேச்சுரிமை, சமமான ரேஷன், விவசாயிக்குத் தன் நிலத்தில் சுதந்திரம். அதாவது 1917-ல் வாக்குக் கொடுத்தவை.

சரியாக அதே நாட்களில் மாஸ்கோவில் கட்சியின் பத்தாம் மாநாடு. பிரதிநிதிகளில் சுமார் 300 பேர் மாநாட்டை விட்டுக் கிளம்பி, உறைந்த கடலின் மேல் நடந்து தாக்கப் போனார்கள். செம்படைத் தளபதி துகாசெவ்ஸ்கி தலைமையில் மார்ச் 18-க்குள் கோட்டை வீழ்ந்தது.

அதே மாநாடு தானியப் பறிமுதலை நிறுத்தி, ஒரு பங்கு வரி போக மீதியைச் சந்தையில் விற்கலாம் என்று அனுமதித்தது. புதிய பொருளாதாரக் கொள்கையின் தொடக்கம் இதுதான். கோரிக்கையில் பாதியைக் கொடுத்து, கேட்டவர்களைச் சுட்டது. கொடுத்தது சந்தை. கொடுக்க மறுத்தது தேர்தல்.

கோஷ்டித் தடை என்பது என்ன?

வெளியே கதவைத் திறந்தவர்கள் உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதை. கட்சிக்குள் தனிக் கொள்கை அறிக்கையோடு குழுவாகச் செயல்படக் கூடாது என்று பத்தாம் மாநாடு தீர்மானித்தது. ஷ்லியாப்னிகோவ், கொலந்தாய் ஆகியோரின் ‘தொழிலாளர் எதிர்ப்பணி’தான் உடனடிக் குறி. மத்தியக் குழு உறுப்பினரையே மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் நீக்கலாம் என்ற பிரிவு இரகசியமாக வைக்கப்பட்டு 1924-ல்தான் வெளிவந்தது. கை தூக்கியவர்களில் பலர் பிற்பாடு அதே விதியால் வெளியே போனார்கள்.

கோஷ்டி இல்லாத கட்சி எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டு வாசகருக்குக் கற்பனை செய்வதே கஷ்டம். ரஷ்யாவில் அது எப்படி ஆனதென்றால், மேலே இருப்பவரின் கோஷ்டி மட்டும் மிஞ்சியது.

ஹங்கேரியிலும் இதே முயற்சி நடந்ததாமே?

1919 மார்ச்சில் பேலா குன் தலைமையில். 133 நாள். நிலத்தை விவசாயிக்குப் பிரிக்காமல் அரசுப் பண்ணையாக்கினார்கள். கிராமம் கைவிட்டது, ருமேனியப் படை புடாபெஸ்டுக்குள் நுழைந்தது. கொள்கையில் லெனினைவிடச் சுத்தமானவர்கள் என்று சொல்லலாம்.

கடைசியில் அதிகாரம் எங்கே போய்த் தங்கியது?

சோவியத்துகளில் இல்லை, அமைச்சரவையிலும் இல்லை. 1919 மார்ச்சில் கட்சியின் எட்டாம் மாநாடு மூன்று சிறு அமைப்புகளை முறைப்படுத்தியது: கொள்கைக்குப் பொலிட்பீரோ, ஆள் நியமனத்துக்கு அமைப்புக் குழு, காகித வேலைக்குச் செயலகம். காகித வேலை என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள். எந்த மாகாணத்துக்கு யார் செயலாளர், எந்த ஆலைக்கு யார் பொறுப்பு என்ற அட்டைகள் அந்த மேசையில்தான் இருந்தன. போர்க்களப் பேச்சாளர்களுக்கு அது சலிப்பான வேலை. 1922 ஏப்ரலில் பொதுச் செயலாளர் என்ற பதவியோடு ஸ்டாலின் அந்த மேசைக்கு வந்தபோது யாரும் பொறாமைப்படவில்லை.

1919-ன் அந்த முதல் பொலிட்பீரோவில் முழு உறுப்பினர்கள் ஐந்து பேர். லெனின் 1924-ல் நோயில் இறந்தார். காமனெவ் 1936-ல் சுடப்பட்டார். ஸ்டாலினுக்கு முன் அதே செயலக மேசையில் உட்கார்ந்திருந்த கிரெஸ்தின்ஸ்கி 1938-ல் சுடப்பட்டார். டிராட்ஸ்கியை 1940-ல் மெக்சிகோவில் பனிக்கோடரியால் கொன்றார்கள். ஐந்தாமவர் 1953 வரை மாஸ்கோவில் இருந்தார்.